மூலையில் நிற்க வைக்கவா அவனை அழைத்து வந்தீர்கள்?

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் 30 அணிகளையும் நடத்தும் ஜெனரல் மேனேஜர்களுக்கும் தலைமைப் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. நீங்கள் அங்கே இரவு ஏழு மணிக்குப் பந்தை மேலே தூக்கிப் போடும்போது எனக்கு இங்கே விடியற்காலை ஐந்தரை. பால் பாக்கெட் வந்திருக்காது, வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள், நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஃபோனில் உங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படிப் பல வருடம் பார்த்ததில் ஒரு விஷயம் மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதைத் துப்பிவிடத்தான் இந்தக் கடிதம்.

ஒவ்வொரு ஜூன் மாதமும், அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் அன்று, ஐரோப்பாவில் இருந்து சில பையன்களைப் பொறுக்கி எடுக்கிறீர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயது. தலையில் உங்கள் அணியின் தொப்பி, இன்னும் உடம்பில் படியாத புதுக் கோட், பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் அம்மா. இவன் பாஸ் கொடுக்கும் அழகென்ன, ஆட்டத்தைப் படிக்கும் அறிவென்ன என்று அன்று ராத்திரி முழுக்கப் புகழ்கிறீர்கள். நவம்பரில் பார்த்தால் அதே பையன் கோர்ட்டின் மூலையில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நிற்கிறான். பந்து வராது. ஒரு முறை வந்தால், இவ்வளவு நேரம் சும்மா நின்ற கை மரத்துப் போயிருக்கும், போடுவான், கூடையின் ரிம்மில் பட்டு வெளியே போகும். ஆறு நிமிடத்தில் பெஞ்ச். ஜனவரியில் யாராவது நிருபர் கேட்டால் உங்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: அவன் இன்னும் எங்கள் ஆட்டத்துக்குப் பழகவில்லை.

அந்தப் ‘பழகவில்லை’ என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு. பழகுவது ஏதோ அவன் ஒருவன் மட்டும் உட்கார்ந்து செய்ய வேண்டிய வீட்டுப்பாடம் என்பது போலப் பேசுகிறீர்கள். எனக்குத் தெரிந்து உங்கள் லீகில் நன்றாக வந்த ஐரோப்பியப் பையன் ஒவ்வொருவனுக்கும் பின்னால் தன்னைக் கொஞ்சம் மாற்றிக்கொண்ட ஓர் அணி இருந்திருக்கிறது. வராமல் போனவர்களில் பாதிப் பேருக்கு அது கிடைக்கவில்லை.

டிராஷென் பெட்ரோவிச்சில் இருந்து ஆரம்பிக்கிறேன், அவர் கதைதான் எனக்கு ஆறவே ஆறாதது. குரோவேஷியாவில் ஷிபெனிக் என்ற கடலோர ஊர்க்காரர். பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே மைதானத்துக்குப் போய் நூற்றுக்கணக்கில் ஷாட் போட்டுவிட்டு வருகிற ஆள். ஐரோப்பாவில் அவர் ஜெயிக்காத கோப்பை இல்லை என்கிற நிலையில், 25 வயதில், 1989ல் போர்ட்லாந்துக்கு வந்தார். அங்கே கிளைட் டிரெக்ஸ்லரும் டெர்ரி போர்ட்டரும் இருந்தார்கள், அணி பைனல்ஸ் வரைக்கும் போகிற அணி, சரி, இடம் கிடைப்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். முதல் சீசனில் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் சொச்சம். இரண்டாவது சீசனில் அது ஏழு நிமிடமாகக் குறைந்தது. டிஃபென்ஸ் ஆடத் தெரியாதவர், வேகம் போதாது, இந்த லீகுக்குச் சரிப்பட மாட்டார் என்று பேச்சு. 1991 ஜனவரியில் நியூ ஜெர்சி நெட்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். நெட்ஸ் அப்போது தேறாத அணி, இழக்க ஒன்றுமில்லை, பந்தை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அடுத்த முழு சீசனில் 82 ஆட்டம், சராசரி 20.6 புள்ளி. அதற்கடுத்த வருடம் 22.3, லீகின் மிகச் சிறந்த பதினைந்து பேரில் ஒருவர். மூன்று புள்ளி ஷாட்டில் நூற்றுக்கு நாற்பத்து நாலு, நாற்பத்தைந்து உள்ளே போனது.

போர்ட்லாந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரும் இவரும் ஒரே ஆள்தானே? ஒன்றரை வருடத்தில் மனிதனுக்குப் புதிதாகக் கை முளைத்துவிடாது. 1993 ஜூன் 7ஆம் தேதி ஜெர்மனியில் கார் விபத்தில் 28 வயதில் இறந்துபோனார். அந்த இரண்டரை வருடத்தில் நாம் பார்த்ததுதான் மொத்தமும். அதற்கு முன்னால் பெஞ்சில் கழிந்த ஒன்றரை வருடத்தை யார் திருப்பித் தருவது என்று இன்றும் எனக்குக் கேட்கத் தோன்றும்.

இப்போது ஆட்டத்துக்கே வருகிறேன், ஏனென்றால் ஐரோப்பாவில் ஆடுவது மென்மையான ஆட்டம், உங்களுடையது கடினமானது என்ற நினைப்பு இன்னும் உங்களில் பலருக்குப் போகவில்லை. ஸ்லோவேனியாவின் லூகா டான்சிச் ரூக்கியாக, அதாவது முதல் வருட ஆட்டக்காரராக, இருந்தபோதும் அதற்குப் பிறகும் ஒரு விஷயத்தைச் சொல்லிப் பலரைக் கடுப்பேற்றினார்: ஐரோப்பாவைவிட இங்கே புள்ளி எடுப்பது சுலபம் என்றார். திமிர் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் விதிப்புத்தகத்தைத் திறந்து பார்த்தால் பையன் சொன்னது புரியும். உங்கள் லீகில் 2001-02 சீசனில் இருந்து டிஃபென்ஸுக்கும் மூன்று வினாடி விதி உண்டு, யாரையும் கையெட்டும் தூரத்தில் காக்காமல் ரிம்முக்குக் கீழே மூன்று வினாடிக்கு மேல் குடியிருக்க முடியாது. ஐரோப்பாவில் அந்த விதி கிடையாது. ஏழடி ஆள் ஒருவர் ரிம்முக்கு அடியில் திண்ணையில் உட்கார்ந்த பெரியவர் மாதிரி அசையாமல் நிற்கலாம். உங்கள் மூன்று புள்ளிக் கோடு 7.24 மீட்டரில், அவர்களுடையது 6.75ல். கோடு தள்ளிப் போனால் டிஃபென்ஸ் விரிகிறது, நடுவே காலியிடம் வருகிறது. கோர்ட்டும் உங்களுடையது நீளத்திலும் அகலத்திலும் கொஞ்சம் அதிகம். ஆட்ட நேரம் அங்கே 40 நிமிடம், இங்கே 48. பதினாறு வயதில் ரியல் மாட்ரிட்டின் பெரியவர்கள் அணிக்கு வந்து, அந்த நெரிசலில் தாடி வைத்த முப்பது வயது ஆட்களின் முழங்கைக்கு நடுவே பந்தைக் கடத்தப் பழகினவனுக்கு இந்த மைதானம் அறுவடை முடிந்த வயல் மாதிரித்தான் தெரியும்.

அப்படியானால் கஷ்டம் எங்கே? இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் இல்லை.

முதலில் பயிற்சி. ஐரோப்பியக் கிளப்பில் ஒரு பையன் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று பயிற்சிக்குப் போவான். ஒருவன் எதிராளியின் வழியில் திரையாக நின்றுவிட்டு ரிம்மை நோக்கிப் பாயும் பிக் அண்ட் ரோலை நாற்பது தடவை ஓடவிட்டு, நாற்பத்தொன்றாவது தடவை கால் அரையடி தள்ளி வைத்தாய் என்று கோச் விசிலை ஊதுவார். திட்டுவார், சில பேர் காது கூசத் திட்டுவார்கள். ஆனால் தப்பு செய்த அன்றே திருத்தம் கிடைக்கும். உங்களிடம் சீசன் தொடங்கியபின் பயிற்சி என்பதே அபூர்வம். 82 ஆட்டம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில சமயம் அடுத்தடுத்த இரவு, நடுவில் விமானம், நேர மண்டலம் மாறித் தூக்கம் போகும். காலையில் ஷூட்அரவுண்ட் என்று கொஞ்ச நேரம், அதில் அன்றைய எதிரணியின் ஆட்ட முறைகளைப் பார்த்துவிட்டுக் கலைந்துவிடுவீர்கள். ஐரோப்பாவின் மேல்மட்டக் கிளப் போட்டியான யூரோலீகில் ஆடும் பெரிய கிளப்களுக்கு உள்நாட்டு லீகும் சேர்த்து 70 ஆட்டத்துக்கு மேல் வந்துவிடும் என்பது உண்மை, ஆனால் நீங்கள் எடுக்கும் பையன்களில் பல பேர் அங்கிருந்து வருவதில்லை, மேகா, ஷோலே, பூர் மாதிரியான சின்னக் கிளப்களில் வாரத்துக்கு ஒன்றிரண்டு ஆட்டம் ஆடி, மீதி நாளெல்லாம் பயிற்சி செய்து வளர்ந்தவர்கள். அவனுக்கு நவம்பரில் ஒரு தப்பு ஒட்டிக்கொண்டால் அதைக் கழற்ற உங்களிடம் நாளே இல்லை. ஆட்டத்திலேயே கழற்றலாம் என்றால் ஆட்டமும் தரமாட்டேன் என்கிறீர்கள்.

இரண்டாவது, காது. இதை யாரும் பேசுவதில்லை. டிஃபென்ஸ் என்பது பாதி வாய். பின்னால் நிற்பவன் ‘ஸ்விட்ச்’ என்றோ ‘ஐஸ்’ என்றோ கத்துவான், முன்னால் நிற்பவன் திரும்பிப் பார்க்காமலே காலை மாற்ற வேண்டும். பத்தொன்பது வயது செர்பியப் பையன், ஆங்கிலத்தைப் பள்ளியில் படித்ததுதான், இருபதாயிரம் பேர் கத்தும் கூடத்தில், நாலு விதமான அமெரிக்க உச்சரிப்பில் வரும் அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டு, மனதுக்குள் ஒரு முறை மொழிபெயர்த்து, அப்புறம் காலை நகர்த்துகிறான். அரை வினாடி போய்விட்டது. எதிராளி ரிம்மைத் தொட்டுவிட்டான். வர்ணனையாளர் சொல்கிறார்: இவனுக்குக் கால் மந்தம்.

இன்னும் சின்னச் சின்ன விஷயங்கள் உண்டு. ஐரோப்பாவில் பந்து ரிம்மில் பட்டுவிட்டால் அப்புறம் யார் வேண்டுமானாலும் தட்டிவிடலாம். உங்கள் விதியில் ரிம்முக்கு நேர் மேலே இருக்கும் பந்தைத் தொட்டால் குற்றம். பத்து வருடம் ரிம் மேல் ஆடும் பந்தைத் தட்டிப் பழகிய நெட்டைப் பையனுக்குக் கை தானாகப் போகும். விசில் வரும். கோச் கையை விரித்து பெஞ்சைப் பார்ப்பார். அந்த ஒரு கணத்தில் பையன் முகத்தைப் பல முறை பார்த்திருக்கிறேன், தான் என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாத முகம்.

உடம்பு வலுவும் பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆள் பலமும் குதிக்கும் உயரமும் உங்கள் லீகில் வேறு மட்டம். ஒத்தைக்கு ஒத்தையாக நிறுத்திவிட்டால் பல பையன்கள் திணறுகிறார்கள். ஆனால் உடம்பு இரண்டு வருடத்தில் ஏறும். மனது இறங்கிவிட்டால் ஏறாது.

டார்கோ மிலிசிச்சைத்தான் இந்த இடத்தில் சொல்ல வேண்டும், நீங்களும் எதிர்பார்த்திருப்பீர்கள். 2003 டிராஃப்டில் டெட்ராய்ட் அவனை இரண்டாவதாக எடுத்தது. அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் கார்மெலோ ஆந்தனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட். அப்போது அவன் நோவி சாத் ஊரில் இருந்து வந்த பதினெட்டு வயதுப் பையன். அணியோ கோப்பைக்கு ஆடுகிற அணி, அந்த வருடமே ஜெயித்தும்விட்டது. லேரி பிரவுன் மாதிரி அனுபவசாலி கோச்சுக்குப் பையன்களை வைத்து வித்தை காட்ட நேரமில்லை. முதல் சீசனில் 34 ஆட்டம், ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. அதுவும் எப்போது? அணி இருபது புள்ளி முன்னால் போய், ஆட்டம் முடிந்துபோன பிறகு. கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தும், அன்போடு கத்தவில்லை, வெற்றிச் சுருட்டு பற்ற வைக்கும் நேரம் வந்துவிட்டது என்ற கேலி. ஊரில் தன் வயதுக்கு மீறி ஆடிக்கொண்டிருந்த பையனைப் பார்த்து ஓர் அரங்கமே தினமும் சிரித்தால் அவன் என்ன ஆவான்?

நியாயமாகவும் பேச வேண்டும். டார்கோவே பின்னாளில் பேட்டிகளில் தன் மேல்தான் தப்பு, தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டேன், சண்டை போட்டேன் என்று சொல்லியிருக்கிறார். இப்போது செர்பியாவில் பழத்தோட்டம் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். அவர் தன் பங்குத் தப்பை ஒத்துக்கொண்டுவிட்டார். உங்கள் பங்கைப் பற்றி உங்களில் யாரும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசி நான் கேட்டதில்லை, அதுதான் வருத்தம். ஜெயிக்கிற அணிக்கு இரண்டாவது இடம் கிடைத்தால் பதினெட்டு வயதுப் பையனை எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் அவனை என்ன செய்யப் போகிறோம் என்று ஜூன் மாதமே யோசித்திருக்க வேண்டாமா?

எங்கள் ஊரில் நெல் நடுகிறவர்களுக்கு இது தெரியும். நாற்றங்காலில் தளதளவென்று இருந்த பயிரைப் பிடுங்கி வயலில் நட்டால் ஒரு வாரம் பத்து நாள் வெளுத்துப்போய்த் தலை சாய்ந்துதான் நிற்கும், அப்புறம்தான் பச்சை பிடிக்கும். நட்ட மூன்றாம் நாள் வரப்பில் நின்றுகொண்டு இந்த விதை சரியில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

டல்லாஸ் காத்திருந்தது. டிர்க் நோவிட்ஸ்கி 1998ல் வூர்ஸ்பர்க்கில் ஜெர்மனியின் இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பையன். அந்த வருடம் சான் அன்டோனியோவில் அமெரிக்க ஜூனியர்களுக்கு எதிரான கண்காட்சி ஆட்டத்தில் 33 புள்ளி எடுத்ததால் உலகம் திரும்பிப் பார்த்தது. அணி முதலாளிகளின் கதவடைப்பால் 50 ஆட்டமாகச் சுருங்கிப்போன அந்த முதல் சீசனில் சராசரி 8.2. டிஃபென்ஸ் பூஜ்ஜியம். பெயரில் இருக்கும் முதல் எழுத்தை எடுத்துவிட்டு ‘இர்க்’ என்று கூப்பிட்டார்கள், டி என்றால் டிஃபென்ஸாம், அது இவனிடம் இல்லையாம். ஊருக்கே திரும்பிவிடலாமா என்று அவர் யோசித்த காலம் அது. கோச் டான் நெல்சன் விடவில்லை. ஏழடி ஆள் வெளியில் நின்று மூன்று புள்ளி ஷாட் போடுவதைப் பாவமாகப் பார்த்த காலத்தில், போடு, இன்னும் போடு என்றார். இரண்டாவது வருடம் 17.5.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. டிர்க்குக்கு ஊரில் ஒரு வாத்தியார் இருந்தார், ஹோல்கர் கெஷ்விண்ட்னர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மேற்கு ஜெர்மனிக்கு ஆடியவர், கொஞ்சம் கிறுக்கான மனிதர், பையனைப் புத்தகம் படி, வாத்தியம் கற்றுக்கொள் என்றெல்லாம் வதைப்பவர். அவர் டல்லாஸுக்கு வந்து போய்க்கொண்டே இருந்தார். சீசன் நடுவில்கூட வந்து ஆளில்லாத ஜிம்மில் டிர்க்கின் கையையும் காலையும் திருத்துவார். டல்லாஸ் அதைத் தடுக்கவில்லை, எங்களிடம் இல்லாத கோச்சா, வெளியாள் எதற்கு என்று கேட்கவில்லை. 21 சீசன் ஒரே அணி, 2007ல் லீகின் மிகச் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது, 2011ல் கோப்பை. உங்களில் எத்தனை பேர் இன்று ஒரு பையனின் பழைய கோச்சுக்கு ஃபோன் போட்டு, இவன் சோர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறீர்கள்? ஸ்கவுட் செய்யும் காலத்தில் அவரைத் தேடிப் போய் மூன்று முறை காபி குடிக்கிறீர்கள். எடுத்த பிறகு அவர் நம்பரே மறந்துவிடுகிறது.

டென்வருக்கும் இதில் நல்ல பெயர் உண்டு, ஆனால் அவர்களும் தடுமாறித்தான் வந்தார்கள். நிகோலா யோகிச் 2014ல் 41வது ஆள். அவர் பெயர் வந்த நேரத்தில் டிவியில் டாக்கோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, அவரோ செர்பியாவில் தூங்கிக்கொண்டிருந்தார். உடம்பு பூசணிக்காய் மாதிரி, தினம் மூன்று லிட்டர் கோக் குடிப்பார் என்பார்கள். டென்வர் அவரை உடனே கூப்பிடவில்லை, இன்னொரு வருடம் மேகாவிலேயே ஆடட்டும் என்று விட்டார்கள், அந்த வருடம் அட்ரியாடிக் லீகின் சிறந்த வீரர் விருது வாங்கினார். 2015ல் வந்தபோது அண்ணன்கள் இருவரும் கூடவே வந்து சேர்ந்துகொண்டார்கள். முதல் வருடம் ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளி. இரண்டாவது வருடம் அணி குழம்பியது, யூசுஃப் நுர்கிச்சும் இவரும் ரிம்முக்குப் பக்கத்தில் ஆடும் சென்டர்கள், இரண்டு பேரையும் ஒன்றாக ஆடவைத்துப் பார்த்தார்கள், இவரைப் பெஞ்சுக்கு அனுப்பிப் பார்த்தார்கள், ஒன்றும் ஒத்துவரவில்லை. 2016 டிசம்பர் 15ஆம் தேதி கோச் மைக் மலோன் ஒரு முடிவெடுத்தார்: இனி யோகிச்தான் சென்டர், ஆட்டம் அவர் வழியாகத்தான் ஓடும். டென்வர் ரசிகர்கள் அந்த நாளைப் பண்டிகை மாதிரி இன்னும் கொண்டாடுகிறார்கள். மூன்று எம்.வி.பி., 2023ல் கோப்பை. கவனியுங்கள், அந்த டிசம்பர் நாளில் யோகிச் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அன்றைக்குப் பழகிக்கொண்டது டென்வர்தான்.

இதையே விக்டர் வெம்பன்யாமாவிடமும் பார்த்தோம். 2023ல் முதல் ஆளாக வந்தவரை சான் அன்டோனியோ ஆரம்பத்தில் இன்னொரு சென்டரோடு சேர்த்து நிறுத்தி, பாயிண்ட் கார்டே இல்லாமல் ஒரு ஃபார்வர்டைப் பந்தெடுத்து வரச் சொல்லிப் பரிசோதனை செய்தது. ஆட்டம் பார்க்கவே பாவமாக இருந்தது. டிசம்பரில் அவரைச் சென்டராக மாற்றினார்கள், அப்புறம் சரியான பாயிண்ட் கார்டும் கூட வந்தார், சீசன் முடிவில் 21.4 புள்ளி, 10.6 ரிபவுண்ட். இதே அணி 2001ல் டோனி பார்க்கரை முதல் சோதனைப் பயிற்சியில் பத்து நிமிடத்தில் வேண்டாம் என்று அனுப்பப் பார்த்தது, ஒரு முரட்டு முன்னாள் வீரரை எதிரே நிறுத்திப் பையனைத் துவைத்து எடுத்தார்கள், பயந்துபோனான். நல்ல வேளையாக இன்னொரு முறை கூப்பிட்டார்கள். பத்தொன்பது வயதில், சீசனின் ஐந்தாவது ஆட்டத்திலேயே தொடக்க அணியில் நின்றான். முதல் சோதனையோடு கதையை முடித்திருந்தால் 2007 பைனல்ஸின் எம்.வி.பி. பாரிஸிலேயே இருந்திருப்பார்.

சரி, தோற்றவர்கள் என்று நீங்கள் கணக்கில் எழுதியவர்களைக் கொஞ்சம் பாருங்கள். யான் வெசலி, செக் குடியரசுக்காரர், 2011ல் வாஷிங்டனுக்கு ஆறாவது ஆள். மூன்று வருடத்தில் கழித்துக்கட்டினீர்கள். ஃபெனர்பாஷேயில் ஷெல்ஜ்கோ ஒப்ராடோவிச் அவரைச் சென்டராக ஆடவைத்தார். 2017ல் யூரோலீக் கோப்பை, 2019ல் யூரோலீகின் எம்.வி.பி. ஓடிப்போய்த் திரையிட்டு உள்ளே பாய்கிற ஆளை ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தது யார்? மாரியோ ஹெசோன்யா 2015ல் ஒர்லாண்டோவுக்கு ஐந்தாவது, இங்கே அலைந்து திரிந்துவிட்டு ரியல் மாட்ரிட் போனார், 2023ல் யூரோலீக் கோப்பையைத் தூக்கினார். இரண்டு பேரையுமே தேறாதவர்கள் பட்டியலில்தான் உங்கள் ஆட்கள் இன்னும் சொல்கிறார்கள். 2018ல் ஃபீனிக்ஸ் செய்தது இன்னும் வேடிக்கை, இகோர் கோகோஷ்கோவைக் கோச்சாகக் கொண்டுவந்தார்கள், அவர்தான் முந்தைய வருடம் பதினெட்டு வயது டான்சிச்சை வைத்துக்கொண்டு ஸ்லோவேனியாவுக்கு ஐரோப்பியத் தங்கம் வாங்கித் தந்தவர், அப்படியும் டான்சிச்சை விட்டுவிட்டு வேறு பையனை எடுத்தார்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

எல்லாப் பையன்களையும் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. சிலருக்கு உண்மையாகவே ஆட்டம் போதாது. நிகோலோஸ் ஸ்கிடிஷ்விலி, டிராகன் பெண்டர் மாதிரியான சிலரை எத்தனை நிமிடம் ஆடவிட்டிருந்தாலும் பெரிதாக மாறியிருக்குமா என்று எனக்கே சந்தேகம்தான், அவர்களை அவ்வளவு மேலே எடுத்தது உங்கள் ஸ்கவுட்களின் ஆசை. நான் கேட்பது வேறு. எதற்காக ஒரு பையனை எடுத்தீர்களோ, அந்த வேலையை அவனிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு சொல்லுங்கள். பாஸ் கொடுக்கிறான் என்று எடுத்தால் ஆட்டத்துக்கு எட்டு நிமிடமாவது பந்தை அவன் கையில் கொடுங்கள், அது பெஞ்சில் இருந்து வரும் ஐந்து பேர் ஆடும் நேரமாகவே இருக்கட்டும். ஆல்பெரன் ஷெங்குன் பதினெட்டு வயதில் துருக்கி லீகின் எம்.வி.பி.யாக இருந்துவிட்டு ஹூஸ்டனுக்கு வந்தார், முதல் வருடம் பெஞ்சில் இருந்துதான் வந்தார், ஆனால் உள்ளே வந்தபோது ஃப்ரீ த்ரோ கோட்டின் ஓரத்தில் நின்று பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் அந்த வேலையைச் செய்ய விட்டார்கள். 2025ல் ஆல் ஸ்டார்.

இடமே இல்லையென்றால் இன்னொரு வருடம் ஊரிலேயே விட்டுவைங்கள். ரிக்கி ரூபியோவை மின்னசோட்டா 2009ல் எடுத்தது, 2011ல்தான் வந்தார், குடி முழுகிப்போகவில்லை. உங்கள் கீழ்நிலை லீகான ஜி லீகுக்கு அனுப்பினால் பயிற்சி என்கிறீர்கள். அங்கே ஒவ்வொருவனும் மேலே போக வேண்டும் என்று தனக்காக ஆடுகிறான், பாஸ் கொடுப்பதுதான் தொழில் என்று வளர்ந்தவன் அங்கே எதைக் கற்றுக்கொள்வான்? அப்படியே அனுப்பினாலும் மேல் அணி ஓடவிடும் அதே ஆட்டத்தை அங்கும் ஓடவிடுங்கள்.

அப்புறம் பணம். வெளியே அதிகம் தெரியாத விஷயம் இது. பையனை விடுவிக்க ஐரோப்பியக் கிளப் கேட்கும் தொகையில் ஒரு வரம்பு வரைக்கும்தான் நீங்கள் தர முடியும், மிச்சம் அவன் சம்பளத்தில் இருந்து போகும். கடனோடு வருகிற பையன் பெஞ்சில் உட்கார்ந்து யோசிப்பது வேறு மாதிரி இருக்கும். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்று இப்போது பல பேர் நேராக அமெரிக்கக் கல்லூரிக்கே வந்துவிடுகிறார்கள், 2021ல் இருந்து கல்லூரியிலும் பணம் புரள்கிறதே. எகோர் டியோமின் ரியல் மாட்ரிட்டில் வளர்ந்து, யூட்டாவில் ஒரு வருடம் கல்லூரியில் ஆடிவிட்டு 2025ல் எட்டாவது ஆளாக ப்ரூக்ளின் போனார். அந்தப் பையன்களுக்கு நல்லதுதான். மொழி பழகும், விசில் பழகும். ஆனால் பெரியவர்களோடு மோதி, நாற்பத்தொன்றாவது தடவையும் அதே திரையைப் போட்டுக் கற்கும் அந்தப் பள்ளிக்கூடம் காலியாகிவிட்டால், எதைப் பார்த்து நீங்கள் ஐரோப்பாவுக்கு ஆள் அனுப்பினீர்களோ அது எங்கே கிடைக்கும்? உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவோடு சேர்ந்து ஐரோப்பாவிலேயே புது லீக் தொடங்கப் பார்க்கிறோம் என்று 2025 மார்ச்சில் உங்கள் லீகின் கமிஷனர் ஆடம் சில்வர் அறிவித்தார். தொடங்குங்கள். போகிற இடத்தில் அந்த ஊர் கோச்களிடம் இரண்டு நாள் பேசாமல் உட்கார்ந்து அவர்கள் பயிற்சியைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. 2018க்குப் பிறகு 2025 வரைக்கும் உங்கள் எம்.வி.பி. விருதை அமெரிக்காவில் பிறந்த ஒருவர்கூட வாங்கவில்லை, அதில் ஐந்து முறை வாங்கியது ஐரோப்பாவில் வளர்ந்த இரண்டே பேர், ஒருவர் 15வது ஆளாக வந்த யானிஸ் அன்டெடோகும்போ, இன்னொருவர் 41வதாக வந்த யோகிச். உங்கள் கண்ணுக்கு அவர்கள் அவ்வளவுதான் தெரிந்தார்கள். இந்த சீசனிலும் உங்கள் பெஞ்சின் கடைசி நாற்காலியில் ஒரு பையன் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பேரைச் சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும். செவ்வாய்க்கிழமை இரவு, நீங்கள் எப்படியும் தோற்கப்போகிற ஏதோ ஓர் ஆட்டத்தில், இரண்டாவது குவார்ட்டரில் அவனை எழுப்பிப் பந்தைக் கையில் கொடுங்கள். முதல் பாஸைக் கூட்டத்துக்குள் எறிவான், பரவாயில்லை, உட்கார வைத்துவிடாதீர்கள். எனக்கு அப்போது புதன்கிழமை காலை ஆறு மணி இருக்கும், விழித்துத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கும் ஒரு ரசிகன்